டிபிடிகே-யின் விர்ட்டியோ டிரைவர்: பாக்கெட் வகையைக் கேட்டால் சுழியம்

நெட்வொர்க்கில் செல்லும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளைக் கடத்தும், டிபிடிகே-யைக் கொண்டு எழுதப்பட்ட ஒரே நிரலை நான்கு விதமான நெட்வொர்க் அட்டைகளின் மேல் ஓட்டிப் பார்க்கும் வேலை சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. இன்டெலின் எக்ஸ்710 என்ற நிஜ அட்டை, ஓர் அட்டையைப் பலவாகப் பங்கிடும் எஸ்ஆர்-ஐஓவி மூலம் அதே அட்டையிலிருந்து பிரித்துக் கொடுக்கப்படும் மெய்நிகர் கிளை, விஎம்வேர் மெய்நிகர் இயந்திரச் சூழலின் விஎம்எக்ஸ்நெட்3 அட்டை, லினக்ஸின் கேவிஎம் மெய்நிகர் இயந்திரச் சூழலின் விர்ட்டியோ அட்டை ஆகியவையே அந்த நான்கு. வேகம், நிலைத்தன்மை, நிறுவும் எளிமை ஆகியவற்றைப் பற்றி இணையத்தில் போதுமான அளவு எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பண்பை மட்டுமே: வந்த பாக்கெட்டின் முகவரி நெறிமுறை ஐபிவி4-ஆ, ஐபிவி6-ஆ, அதற்குள் இருக்கும் போக்குவரத்து நெறிமுறை டிசிபி-யா, யுடிபி-யா என்பதை டிரைவர் தானாகவே எடுத்துச் சொல்கிறதா, சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் அது. சிறிய விஷயம் போலத் தோன்றும் இந்தப் பண்பால் எனக்கு இரண்டு வாரங்கள் வீணாயின.

டிபிடிகே 2010-இல் இன்டெலில் தொடங்கி, 2013-இல் பொதுத் திறமூலத் திட்டமாக விரிந்து, 2017-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடையின்கீழ் வந்த நூலகத் தொகுப்பு. லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் நெட்வொர்க் அடுக்கைச் சுற்றிக்கொண்டு போய், பயனர் நிரலே அட்டையை ஓயாமல் எட்டிப் பார்த்துப் பாக்கெட்டுகளை எடுத்துக்கொள்ள அது வழி செய்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டோடும் எம்பஃப் எனப்படும் 128 பைட் விவரக் குறிப்பு ஒன்று வருகிறது. அதில் பாக்கெட் வகைக்கென்று 32 பிட் கொண்ட ஒரு புலம் இருக்கிறது. அதன் முதல் நான்கு பிட்டுகள் ஈதர்நெட் அடுக்குக்கும், அடுத்த நான்கு ஐபி அடுக்குக்கும், அதற்கடுத்த நான்கு டிசிபி, யுடிபி போன்றவற்றுக்கும், பிறகு நான்கு டனல் (ஒரு பாக்கெட்டுக்குள் இன்னொன்றை வைத்து அனுப்பும் முறை) வகைக்கும், மீதமுள்ளவற்றில் பன்னிரண்டு டனலுக்குள் இருக்கும் உட்பாக்கெட்டின் மூன்று அடுக்குகளுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கச்சிதமான வடிவமைப்பு. எழுதியவர்களைப் பாராட்டத் தோன்றியது. குறை அந்தப் புலத்தின் வடிவில் இல்லை, அதை யார் நிரப்புவார்கள் என்பதில் இருக்கிறது.

எக்ஸ்710-இல் அதை நிரப்புவது சிலிக்கானே. பாக்கெட் உள்ளே வரும்போதே அட்டையின் பகுப்பி அதன் முன்பகுதித் தகவல்களான ஹெடர்களைப் படித்து, முடிவை 8 பிட் எண்ணாகச் சுருக்கி, டிரைவருக்காக அட்டை விட்டுவைக்கும் குறிப்பான பெறும் டிஸ்கிரிப்டரில் எழுதிவிடுகிறது. இந்த அட்டைக்கான ஐ40இ டிரைவர் அந்த எண்ணை 256 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையில் தேடி, டிபிடிகே-யின் 32 பிட் வடிவத்துக்கு மாற்றுகிறது. ஒரு பாக்கெட்டுக்கு ஓர் அட்டவணைத் தேடல், அவ்வளவுதான் செலவு. எஸ்ஆர்-ஐஓவி கிளையும் அதே டிஸ்கிரிப்டரைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே விருந்தினர் எனப்படும் மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருந்தாலும் வகைத் தகவல் அப்படியே கிடைக்கிறது. மெய்நிகர் என்று பெயர் வைத்துக்கொண்டாலும் அடியில் வன்பொருள் இருப்பதால், இந்த ஒப்பீட்டில் அதை நிஜ அட்டையின் பக்கத்தில்தான் வைக்க வேண்டும்.

விர்ட்டியோ அப்படிப்பட்டதன்று. விருந்தினர் இயந்திரமும் அதைத் தாங்கும் புரவலர் இயந்திரமும் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் ஒரு சிறு ஹெடர் வைக்கப்படுகிறது. கொடிகளுக்கு ஒரு பைட், ஜிஎஸ்ஓ (பெரிய துண்டுகளைப் பிறகு வெட்டும் முறை) வகைக்கு ஒரு பைட், ஹெடர் நீளம், துண்டின் அளவு, பிழை சரிபார்க்கும் எண்ணான செக்சம் எங்கே தொடங்குகிறது, எங்கே எழுதப்பட வேண்டும் என்பவற்றுக்கு இரண்டிரண்டு பைட்டுகள் என்று மொத்தம் 10 பைட்டுகள். பல பஃபர்களை இணைக்கும் வசதி இருந்தால் அவற்றின் எண்ணிக்கைக்கு இன்னும் 2 பைட்டுகள். பாக்கெட் வகைக்கென்று இதில் இடமே கிடையாது. செக்சம் வேலையையும் பெரிய டிசிபி துண்டுகளை வெட்டும் வேலையையும் இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்ளவே இந்த ஹெடர் உருவாக்கப்பட்டது. சொல்ல இடமில்லாத ஒன்றை டிரைவர் எங்கிருந்து சொல்லும்? எனவே டிபிடிகே-யின் விர்ட்டியோ டிரைவர் வகைப் புலத்தைச் சுழியமாகவே விட்டுவிடுகிறது.

டிபிடிகே-யில் வகைப் புலத்தின் சுழியத்துக்கு ‘தெரியாது’ என்று பொருள். ஆனால் ‘பார்த்தேன், எனக்கு அடையாளம் தெரியவில்லை’ என்பதற்கும், ‘நான் பார்க்கவே இல்லை’ என்பதற்கும் ஒரே சுழியந்தான். எக்ஸ்710 கொடுக்கும் சுழியம் முதல் வகை. விர்ட்டியோ கொடுப்பது இரண்டாம் வகை. இரண்டையும் வாங்கிக்கொள்ளும் நிரலுக்கு வேறுபாடு தெரிய வழியில்லை. என் நிரல் ‘ஐபிவி4 என்றால் இந்த அட்டவணை, ஐபிவி6 என்றால் அந்த அட்டவணை, இரண்டும் இல்லையென்றால் கைவிடு’ என்று எழுதப்பட்டிருந்தது. ஆய்வகத்தில் எக்ஸ்710-இன் மேல் மாதக்கணக்கில் தவறின்றி ஓடிய அந்த நிரல், வாடிக்கையாளரின் கேவிஎம் இயந்திரத்தில் ஏற்றியவுடன் வந்த பாக்கெட்டுகள் அத்தனையையும் ஓசையின்றிக் கைவிட்டது. அட்டையின் எண்ணிக்கைகளில் பிழை இல்லை, வரிசைகள் நிரம்பி வழியவில்லை, பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை வரி இல்லை. உள்ளே வந்தவை எண்ணப்பட்டன. வெளியே போனவை சுழியம்.

இதுவாவது நேர்மையான தோல்வி. அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. வேறொரு காரணத்துக்காகப் பெறும் பக்கச் செக்சம் வசதியை உள்ளமைப்பில் இயக்கினேன். உடனே அதே புரவலரில் இருந்த மற்றொரு லினக்ஸ் இயந்திரத்திலிருந்து டிசிபி இணைப்புகள் என் நிரலின் வழியாகச் செல்லத் தொடங்கின. ஆனால் பிங் மட்டும் போகவில்லை. நெட்வொர்க் பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் பிங் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே நகர்வார்கள். பிங் போகாத இடத்தில் டிசிபி போகிறது என்றால் முதலில் சந்தேகிப்பது நடுவில் இருக்கும் ஃபயர்வாலைத்தான். நானும் அதைத்தான் செய்தேன். புரவலரின் ஐபிடேபிள்ஸ் விதிகளை வரி வரியாகப் படித்து ஒரு நாளைக் கழித்தேன்.

காரணம் டிரைவரின் மூலநிரலில் இருந்தது. செக்சம் வசதி இயங்கும்போது விர்ட்டியோ டிரைவர் ஒவ்வொரு பாக்கெட்டின் ஹெடரிலும் கொடிகளைப் பார்க்கிறது. கொடியும் இல்லை, ஜிஎஸ்ஓ வகையும் இல்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று உடனே திரும்பிவிடுகிறது. ஏதேனும் ஒரு கொடி இருந்தால், செக்சத்தைக் கையாளுவதற்கு ஹெடர்களின் நீளம் தேவைப்படுவதால், டிபிடிகே-யின் மென்பொருள் பகுப்பியை அழைக்கிறது. அந்தப் பகுப்பி கண்டுபிடித்த வகையையும் போகிற போக்கில் எம்பஃபில் எழுதிவிடுகிறது. லினக்ஸ் விருந்தினர் அனுப்பும் டிசிபி பாக்கெட்டில் செக்சம் இன்னும் கணக்கிடப்படவில்லை என்ற கொடி இருக்கும். எனவே அதற்கு வகை கிடைக்கிறது. பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறைக்கான செக்சத்தை லினக்ஸ் தானே கணக்கிட்டு முடித்து அனுப்புவதால் பிங் பாக்கெட்டில் கொடி எதுவும் இராது. எனவே அதற்கு வகை கிடைப்பதில்லை. வகையைச் சொல்வது இந்த டிரைவரின் சேவையன்று. செக்சம் வேலையின் பக்க விளைவு. சில பாக்கெட்டுகளுக்கு மட்டும் கிடைக்கும் தகவல், ஒன்றுக்கும் கிடைக்காத தகவலை விட ஆபத்தானது என்பதை இந்த ஒரு நாளில் நன்றாகவே அறிந்துகொண்டேன்.

ஆனால் இதை நிஜ அட்டைக்கும் மெய்நிகர் அட்டைக்கும் இடையிலான வேறுபாடு என்று சுருக்கிவிடுவது தவறு. விஎம்எக்ஸ்நெட்3 முழுக்க முழுக்க மெய்நிகர் அட்டை. அதன் பின்னால் சிலிக்கான் எதுவும் இல்லை. ஆயினும் அதன் நிறைவு டிஸ்கிரிப்டரில் ஐபிவி4, ஐபிவி6, டிசிபி, யுடிபி என்று தனித்தனிப் பிட்டுகள் இருக்கின்றன. டிபிடிகே டிரைவர் அவற்றிலிருந்து ஐபிவி4 பாக்கெட்டை அடையாளம் காட்டுகிறது. ஹெடரில் கூடுதல் விருப்பங்கள் இருக்கின்றனவா என்பதைக்கூட ஹெடர் நீளத்தைப் படித்துப் பிரித்துச் சொல்கிறது. மறுபக்கம், கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருள் போலி செய்து காட்டும் பழைய இ1000 அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்டெல் உண்மையாகவே தயாரித்து விற்ற 82540இஎம் என்ற அட்டையின் அச்சு. அந்த நிஜ அட்டையின் பழைய 16 பைட் பெறும் டிஸ்கிரிப்டரில் நீளம், செக்சம், நிலை, பிழை, விலான் ஆகியவை உண்டு. பாக்கெட் வகை கிடையாது. அங்கே நிஜமும் சொல்லாது, போலியும் சொல்லாது. டிபிடிகே-யின் டேப் டிரைவரோ லினக்ஸ் கர்னலின் ஒரு மெய்நிகர் இடைமுகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பாக்கெட்டையும் மென்பொருளாலேயே பகுத்து, நிபந்தனையின்றி வகையை நிரப்பிக் கொடுக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது அட்டை நிஜமா, மெய்நிகரா என்பதன்று. அதன் டிஸ்கிரிப்டரில் வகைக்கு இடம் இருக்கிறதா, இல்லையென்றால் டிரைவர் அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறதா என்பதே.

நிஜ அட்டைகளுக்குள்ளும் பேச்சுவழக்கு வேறுபடுகிறது. இன்டெலின் 82599 அட்டை, விருப்பங்கள் இல்லாத ஐபிவி4-ஐயும் விருப்பங்கள் உள்ள ஐபிவி4-ஐயும் பிரித்துச் சொல்லும். எக்ஸ்710 அவ்வாறு பிரிப்பதில்லை. ‘ஐபிவி4, விருப்பங்கள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற மூன்றாவது மதிப்பையே எல்லாவற்றுக்கும் கொடுக்கும். டிபிடிகே இதை முன்னரே எண்ணிப் பார்த்து வைத்திருக்கிறது. அந்த நான்கு பிட் பகுதியில் இந்த மூன்று மதிப்புகளும் முறையே 1, 3, 9. மூன்றிலும் கடைசி பிட் ஒன்றே. அதற்கென்று இருக்கும் மேக்ரோ அந்த ஒரு பிட்டை மட்டும் சோதிப்பதால் மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும். மேக்ரோவைப் பயன்படுத்தாமல் மதிப்பு 1-க்குச் சமமா என்று நேரடியாக ஒப்பிடுபவரின் நிரல் 82599-இல் ஓடும், எக்ஸ்710-இல் ஓடாது. அப்படி எழுதிய ஒருவரை எனக்கு மிக நன்றாகத் தெரியும். இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரும் அவரே.

டனல்களிலும் எக்ஸ்710-இன் பதிலை அளவோடுதான் நம்ப வேண்டும். ஜிஆர்இ-யாக இருந்தாலும் விஎக்ஸ்லான் ஆக இருந்தாலும் இரண்டையும் ஒரே கூட்டுப் பெயரில்தான் அது சொல்லும். விஎக்ஸ்லான் யுடிபி-யின் மேல் பயணிப்பதால், எந்த யுடிபி போர்ட்டை டனலாகக் கருத வேண்டும் என்பதையும் அட்டைக்கு நாம்தான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஜிடிபி போன்ற கைப்பேசி நெட்வொர்க் நெறிமுறைகளுக்கு டிடிபி என்ற கூடுதல் சுயவிவரக் கோப்பை அட்டையில் ஏற்றி, அதன் பகுப்பியையே விரிவாக்க முடியும். இது விர்ட்டியோவில் கனவிலும் நடக்காத காரியம், எக்ஸ்710-க்கு நான் கொடுக்கும் மிகப்பெரிய பாராட்டும் இதற்கே.

இவற்றையெல்லாம் முன்கூட்டியே அறிந்துகொள்ள டிபிடிகே ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு போர்ட்டின் டிரைவர் எந்தெந்த வகைகளை அடையாளம் காட்டும் என்ற பட்டியலைக் கேட்கும் செயற்கூறு ஒன்று 2016 முதல் நூலகத்தில் உண்டு. விர்ட்டியோவிடம் கேட்டால் பட்டியல் வெறுமையாகத் திரும்பும். அதாவது டிரைவர் பொய் சொல்வதில்லை, நாம்தான் கேட்பதில்லை. ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்கத்தக்கது: பெறும் செயற்கூறு பல பாக்கெட்டுகளை ஒருசேரக் கையாளும் வெக்டர் வழியா, சாதாரண வழியா என்பதைப் பொறுத்துச் சில டிரைவர்களின் பதில் மாறக்கூடும் என்பதால், போர்ட்டைத் தொடங்கிய பிறகே இதைக் கேட்பது நல்லது என்று ஆவணமே அறிவுறுத்துகிறது. தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொண்டு பிறகு ஏமாறுபவர்கள் அந்தக் குறிப்பைப் படிக்காதவர்கள்.

டிபிடிகே-யுடன் வரும் எல்3எஃப்டபிள்யூடி என்ற மாதிரி நிரல் இந்தப் பிரச்சினையைச் சரியாகவே கையாளுகிறது. தொடங்கும்போது ஒவ்வொரு போர்ட்டையும் மேற்படி கேள்வியால் சோதித்து, வகை சொல்லத் தெரியாத போர்ட் இருந்தால், மென்பொருள் பகுப்பை இயக்கும் விருப்பத்தைச் சேர்க்கும்படி சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த விருப்பத்தைக் கொடுத்தால், பாக்கெட் பெறும் இடத்தில், பாக்கெட் வந்ததும் தானாக அழைக்கப்படும் ஒரு கால்பேக்கைப் பதிந்து, ஈதர்நெட் வகையையும் தேவையான அளவு ஐபி ஹெடரையும் தானே படித்துப் புலத்தை நிரப்பிக்கொள்ளும். நல்ல பாடம். மாதிரி நிரலிலிருந்து கடத்தும் பகுதியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, அலுப்பூட்டுகிறது என்று சோதனைப் பகுதியை விட்டுவிட்டவர்களுக்கு இந்தப் பாடம் தாமதமாகத்தான் வந்து சேரும்.

மென்பொருளால் பகுத்தால் வேகம் போய்விடாதா என்று கேட்பார்கள். 10 கிகாபிட் இணைப்பில் மிகச்சிறிய 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் விநாடிக்கு சுமார் 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட்டுகள். அதாவது ஒன்றுக்கு 67.2 நானோவிநாடி. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியு-வில் இது ஏறத்தாழ 200 சுழற்சிகள். இதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பதால் கணக்கு இறுக்கமானதுதான். ஆனால் செலவு பகுப்பதில் இருப்பதை விட, பாக்கெட்டின் முதல் 64 பைட் கேஷ் வரியை நினைவகத்திலிருந்து கொண்டுவருவதிலேயே அதிகம் இருக்கிறது. ரவுட்டர் போன்ற நிரல் எப்படியும் சேருமிட முகவரியைப் படிக்க அதே கேஷ் வரியைத் தொட்டாக வேண்டும். கொஞ்சம் முன்னதாகத் தொடுகிறது, அவ்வளவே. பாக்கெட்டைத் திறந்தே பார்க்காமல் வகையை மட்டும் வைத்து வெவ்வேறு கோர்களுக்குப் பிரித்து அனுப்பும் நிரலுக்கு மட்டுந்தான் வன்பொருள் வகை மெய்யான மிச்சத்தைத் தரும். என் நிரல் முதல் ரகம் என்பதால், எக்ஸ்710-இல்கூட வன்பொருள் சொல்வதைப் புறக்கணித்து எல்லா இடத்திலும் மென்பொருள் பகுப்பையே வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். இறுதியில் அப்படிச் செய்யவில்லை. டனல் பாக்கெட்டுகளின் உள்ளடுக்குகளைத் தோண்டுவது வெளியடுக்கைப் பார்ப்பது போல மலிவானதன்று.

வாங்கும் முன்னோ நிறுவும் முன்னோ சோதிக்க விரும்புவோருக்கு டிபிடிகே-யுடன் வரும் டெஸ்ட்பிஎம்டி என்ற சோதனை நிரல் போதும். பெறுவதை மட்டும் செய்யும் முறையில் வைத்து, விரிவான வெளியீட்டை இயக்கினால், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வன்பொருள் சொன்ன வகையையும் மென்பொருள் பகுப்பி கண்ட வகையையும் ஒரே வரியில் அருகருகே அச்சிடும். எக்ஸ்710-இல் இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போவதையும், விர்ட்டியோவில் முதல் பாதி வெறுமையாக நிற்பதையும் ஐந்து நிமிடத்தில் கண்ணால் காணலாம். சோதனையில் டிசிபி மட்டுமன்றி ஒரு பிங்கையும், விலான் குறி கொண்ட ஒரு பாக்கெட்டையும், துண்டாக்கப்பட்ட ஒரு யுடிபி பாக்கெட்டையும் கட்டாயம் அனுப்பிப் பாருங்கள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: டிரைவர் என்ற அளவில் விர்ட்டியோவுக்கு ஐந்தில் நான்கு தயங்காமல் கொடுப்பேன், ஏனெனில் எந்தக் கேவிஎம் புரவலரிலும் ஏறுகிறது, இயந்திரத்தை ஓடும்போதே இடம் மாற்ற விடுகிறது, மாதக்கணக்கில் விழாமல் ஓடுகிறது. பாக்கெட் வகை என்ற ஒரே அளவுகோலில் ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. அந்த ஒன்றும், கேட்டால் உண்மையைச் சொல்வதற்காக. இதில் ஒரு நம்பிக்கைக்கீற்று உண்டு. விர்ட்டியோ தர வரையறையின் 1.2 பதிப்பில், ஹெடர் விவரங்களிலிருந்து கணக்கிடப்படும் சுருக்க எண்ணான ஹாஷ் மதிப்பைப் பாக்கெட்டோடு அனுப்பும் வசதி சேர்க்கப்பட்டது. அந்த ஹாஷ் எதைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்பதைச் சொல்லும் புலத்தில் ஐபிவி4, டிசிபிவி4, யுடிபிவி4, ஐபிவி6 என்று தனித்தனி மதிப்புகள் இருக்கின்றன. வகையைச் சொல்வதற்காக அமைக்கப்பட்டதன்று என்றாலும், புரவலரும் டிரைவரும் அதை ஆதரித்தால் வகையை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது என் நிரல் தொடங்கும்போது ஒவ்வொரு போர்ட்டையும் கேட்டு, வெறும் பட்டியல் வந்தால் மென்பொருள் பகுப்பை இயக்கிவிட்டு, ‘வன்பொருள் வகை இல்லை, மென்பொருள் வகை இயங்குகிறது’ என்று ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதுகிறது. சென்ற மாதம் புதிய இடத்தில் நிறுவியபோது, அந்த வரியைக் கண்ட அங்கிருந்த பொறியாளர், “இதில் ஏதோ இல்லை என்று வருகிறதே சார், அட்டை பழுதா?” என்று கேட்டார். இல்லை, அது வெறும் தகவல்தான் என்று விளக்கினேன். அவர் முகத்தைப் பார்த்தால் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த பதிப்பில் அந்த வரியின் சொற்களை மாற்றி எழுத வேண்டும்.